நெருக்கடி வேளையில் நமது மூளை

சங்க அலுவலகத்தில் கடன் பத்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் அங்கத்தினரைப் பார்த்து, "இவ்வளவு விவரமாக எடுத்துச் சொல்லியும் இவருக்கு விளங்கவில்லையே!" என்று ஒருமுறையேனும் அலுத்துக்கொள்ளாத காரியதரிசி இருத்தல் அரிது. ஆய்வாளராகிய நாமும் அவ்வாறு பன்முறை அலுத்துக்கொண்டவரே. அந்த அலுப்பு எத்துணை நியாயமற்றது என்பதை விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி வாயிலாகவும், பின்னர் நமது சொந்த அனுபவத்தின் வாயிலாகவும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. கற்றதை நெசவாள அன்பர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் அமர்ந்த பெரியவர் ஒருவர், மனைவியின் வைத்தியச் செலவுக்காக 12,000 ரூபாய் கடன் கேட்டு வந்திருந்தார். வட்டி நீங்கலாக, மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 தவணைகளில் கூலியிலிருந்து பிடித்தம் செய்துகொள்ளலாம். அல்லது மாதம் 3,000 ரூபாய் வீதம் 4 தவணைகளில் தீர்த்துவிடலாம். அவரது மாதக் கூலியோ ஏறத்தாழ 8,000 ரூபாய். இவ்விரண்டில் எது உகந்தது என்று சொல்லக் கணக்கு வாத்தியார் எவரும் வேண்டியதில்லை. நாம் இருமுறை விளக்கினோம். பெரியவர் இருமுறையும் தலையசைத்தார். பின்னர், "சீக்கிரம் தீர்ந்தால் போதும் ஐயா" என்று கூறி, 4 தவணைகளுக்கே கையொப்பமிட்டார்.

இரண்டாம் மாதமே வீட்டுச் செலவுக்குக் கூலி போதவில்லை. அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார். அடுத்த பார்வையின்போது இதனை அறிந்த நாம், "திருப்பிச் செலுத்தும் சக்தியை ஆராயாமல் கையொப்பமிடும் இயல்புடையவர், மேற்கொண்டு கடன் வழங்குமுன் நிர்வாகக் குழு யோசிக்க வேண்டும்" என்று பார்வைப் பதிவேட்டில் எழுதிவைத்தோம். அக்குறிப்பின் பயனாக, தறியைப் பழுது பார்க்க அவர் பிற்பாடு கொடுத்த மனு கிடப்பில் போடப்பட்டது.

ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் அறுந்தது எது என்பதை விரல் நுனியாலேயே கண்டுகொள்ளும் மனிதர் அவர். அத்தகையவர் ஒரு கழித்தல் கணக்கில் தவறியது ஏன் என்று நாம் அன்று நம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

மூளையும் தறியும்

மனிதனின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆயினும், உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதனுள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை தனித்தனியே வேலை செய்வதில்லை. மெல்லிய இழைகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, கூட்டங் கூட்டமாகவே இயங்குகின்றன. தூரத்திலுள்ள பகுதிகளும் ஒரே காலத்தில் ஒன்று சேர்ந்து எழுந்து அடங்குவதைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்தபின், இக்கூட்டங்களை விஞ்ஞானிகள் 'வலைகள்' என்று அழைக்கலாயினர்.

நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தறியில் பாவு ஒன்றுதான். ஆயினும் எந்த மிதியை அழுத்துகிறோமோ, அதனோடு கட்டப்பட்ட விழுது உயர்கிறது; அதற்குரிய இழைகள் மேலெழுகின்றன. மிதியின் வரிசையை மாற்றினால், அதே பாவில் வேறொரு அமைப்புத் துணியில் விழுகிறது. இழை ஒன்றும் அறுவதில்லை. எது மேலே, எது கீழே என்பதுதான் மாறுகிறது. மூளையின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே.

மூளையின் வலைகளுள் மூன்று நமது விஷயத்துக்கு முக்கியமானவை. முதலாவதைத் திட்ட வலை என்போம். நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியும் உச்சியின் பக்கவாட்டுப் பகுதியும் சேர்ந்தது அது. கணக்கிடுதல், இரண்டு வழிகளை ஒப்பிடுதல், அடுத்த மாதத்தை நினைத்து இன்றைய ஆசையை அடக்குதல் ஆகியவை அதன் வேலைகள். இரண்டாவது எச்சரிக்கை வலை. சுற்றிலும் நடப்பவற்றுள் எது அவசரமானது, எது அபாயமானது என்று பொறுக்கியெடுத்து உடலை உஷார்ப்படுத்துவது அது. மூன்றாவது அகச்சிந்தனை வலை. வெளிவேலை இல்லாதபோது பழைய நினைவுகளையும் வருங்கால எண்ணங்களையும் அசைபோடுவது அது. நலமாக உள்ள மனிதனிடம் இம்மூன்றும் வேளைக்கேற்ப மாறி மாறி முன்வருகின்றன.

அபாயம் வந்தபோது

வயலில் வரப்போரம் பாம்பு சீறினால் நாம் யோசிப்பதில்லை, துள்ளி விலகுகிறோம். அக்கணத்தில் மூளையின் அடித்தண்டிலுள்ள ஒரு சிறு கணுவிலிருந்து நார்அட்ரினலின் என்னும் இரசாயனப் பொருள் மூளையெங்கும் பரவுகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் உடனேயும், கார்டிசால் சில நிமிஷங்கள் கழித்தும் இரத்தத்தில் சேர்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. உடல் இவ்வாறு பலவகைத் துன்பங்களுக்கும் ஒரே வகையில் பதில் தருவதை 1936-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் ஸெலியே என்னும் அறிஞர் எழுதி வெளியிட்டார். இன்று நாம் மன அழுத்தம் என்று வழங்கும் கருத்துக்கு அதுவே பெரிதும் வித்திட்டது.

அப்போது மூளையின் வலைகள் என்ன ஆகின்றன? நெதர்லாந்து நாட்டின் நைமேகன் நகரிலுள்ள ஆராய்ச்சியாளர்களான எர்னோ ஹெர்மன்ஸ், கியேன் ஃபெர்னாண்டஸ் ஆகியோரும் அவர்களது குழுவினரும் 2011-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மனத்தைக் கலக்கும் திரைப்படக் காட்சிகளைச் சிலருக்குக் காட்டி, அவர்களது மூளையைப் படம் பிடித்தனர். எச்சரிக்கை வலையின் பகுதிகள் ஒன்றோடொன்று முன்னிலும் இறுக்கமாகப் பிணைந்து இயங்கின. நார்அட்ரினலினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்த இறுக்கம் தளர்ந்தது. கார்டிசாலைக் குறைத்தபோது தளரவில்லை. எனவே, முதல் மாற்றத்தைச் செய்வது நார்அட்ரினலினே என்பது தெளிவாயிற்று. எச்சரிக்கை வலை உயரும் வேளையில் திட்ட வலை பின்வாங்குகிறது என்றும், நெருக்கடி அடங்கியபின் திட்ட வலை மீண்டும் தலையெடுக்கிறது என்றும் 2014-இல் அவர்கள் கருத்துரைத்தனர்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஆர்ன்ஸ்டென் அம்மையார் நெற்றிப் பகுதியின் நரம்பணுக்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். அந்த அணுக்களுக்கிடையே உள்ள தொடர்புகள், கட்டுக்கடங்காத நெருக்கடியின்போது சில நிமிஷங்களிலேயே வலுவிழந்துவிடுகின்றன என்று அவர் காட்டியுள்ளார். நெற்றிப் பகுதி அவ்வாறு ஓய்ந்ததும், பழக்கமும் பயமும் நடத்தும் பழைய பகுதிகள் அதிகாரத்தை எடுத்துக்கொள்கின்றன.

பாம்பைக் கண்டு விலக இவ்வேற்பாடு மிகச் சிறந்தது. ஆனால் கடன் பத்திரம் பாம்பன்று. மருத்துவமனையிலிருந்து நேரே சங்கத்துக்கு வரும் மனிதரின் மூளை இரண்டுக்கும் ஒரே மிதியைத்தான் அழுத்துகிறது. அவரது காதில் நமது விளக்கம் விழுகிறது, தலையும் அசைகிறது. இரண்டு தொகைகளை அருகருகே நிறுத்தி ஒப்பிட வேண்டிய வலை மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. "சீக்கிரம் தீர்ந்தால் போதும்" என்றது அபாயத்திலிருந்து விலகத் துடிக்கும் எச்சரிக்கை வலையின் சொல் என்றே இன்று நமக்குத் தோன்றுகிறது.

நாமே மாட்டிக்கொண்டது

இவற்றையெல்லாம் படித்தபோது, "இது பிறருக்கு நேர்வது" என்ற எண்ணம் நம் உள்ளத்தின் ஓரத்தில் இருந்தது. சென்ற ஆண்டு இறுதிக் கணக்கின்போது அந்த எண்ணமும் நீங்கிற்று.

ஒரு சிறு சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். நம் அன்னையார் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். தொலைபேசி மேஜை மீது இருந்தது. வரவுக் கூட்டுத்தொகைக்கும் ரசீதுகளின் மொத்தத்துக்கும் 90 ரூபாய் வித்தியாசம் வந்தது. ஏழு முறை கூட்டினோம். ஏழு முறையும் 90 நின்றது. எட்டாம் முறை கூட்டப் பொறுமையின்றி, ரொக்கம் கையாளும் ஊழியரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பு எழுதத் தொடங்கினோம். பல்லாண்டுகள் நாணயமாக வேலை செய்த மனிதர் அவர். முகம் வெளிறி நின்றார்.

அப்போது, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டும் நிரம்பாத எழுத்தர் ஒருவர், "ஐயா, வித்தியாசம் 90. ஒன்பதால் வகுபடுகிறதே, இலக்கம் எங்காவது இடம் மாறியிருக்குமோ?" என்று தயக்கத்துடன் கேட்டார். தேடிப் பார்த்ததில், 1,458 என்ற ரசீதுத் தொகையை நாமே நமது தாளில் 1,548 என்று எழுதியிருந்தோம்! இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்பது, கூட்டுறவுப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு நாமே சொல்லிக்கொடுக்கும் பாடம். அன்று அந்தப் பாடம் நம் மூளைக்குள் எங்கோ இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கும் வலைதான் இல்லை. ஒரே கூட்டலை ஏழு முறை திரும்பத் திரும்பச் செய்தோமே அன்றி, வேறு வழி தேட வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

இவ்வாறு பழகிய தடத்திலேயே சுழல்வதும் ஆராய்ச்சியில் கண்ட உண்மையே. போர்ச்சுகல் நாட்டின் நூனோ சோசா முதலியோர் 2009-இல் வெளியிட்ட சோதனையில், நீடித்த நெருக்கடிக்கு உள்ளான எலிகள், வயிறு நிறைந்து அந்த உணவு வேண்டாத நிலையிலும் அதற்கான நெம்புகோலை அழுத்திக்கொண்டேயிருந்தன. நெருக்கடியற்ற எலிகள் நிறுத்திக்கொண்டன. நோக்கத்தை அறிந்து செய்யும் தொழில், நோக்கத்தை மறந்த பழக்கமாக மாறிவிடுகிறது.

கரும்பு விவசாயிகளின் சான்று

இவை யாவும் ஆராய்ச்சிச் சாலையின் செய்திகள் என்று எண்ண வேண்டா. நமது விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடமிருந்தே உலகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் சந்தித்துப் பரீட்சித்தனர். அதன் முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஆலைகள் வெட்டு உத்தரவை வெவ்வேறு மாதங்களில் தருவதால், ஒருவருக்குப் பணம் வந்த அதே மாதத்தில் மற்றொருவர் முடையில் இருப்பார். ஆகவே, வித்தியாசத்துக்குப் பருவகாலமே காரணம் என்று தள்ளிவிட இடமில்லை.

அறுவடைக்கு முன் அவர்களுள் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 பேரே. முன்னர் நூற்றுக்கு 99 பேருக்குக் கடன் இருந்தது. பின்னர் 13 பேருக்கே. படங்களின் ஒழுங்கைக் கண்டு விடுபட்டதை நிரப்பும் பரீட்சையில், அறுவடைக்கு முன் சராசரி 4.35 விடைகளைச் சரியாகக் கூறியவர்கள், பின்னர் 5.45 விடைகளைக் கூறினர். கவனத்தை அளக்கும் மற்றொரு பரீட்சையையும் முன்னிலும் விரைவாகவும், குறைந்த பிழைகளுடனும் முடித்தனர். மனிதர் அவரே, படிப்பும் அதுவே. மாறியது கையிருப்பு ஒன்றே.

இங்கே ஒன்றை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். படபடப்பு மட்டுமே இதற்குக் காரணம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கூறவில்லை. பணக் கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்வதால், மற்றவற்றுக்கு இடம் குறைகிறது என்பதே அவர்களது முக்கிய விளக்கம். இரண்டு காரணங்களும் வேறானவை ஆயினும், சங்க அலுவலகத்தில் அவை ஒரே மனிதரிடம் சேர்ந்தே வருகின்றன.

மீளுமா?

மீளும் என்பதே பெரும்பாலும் விடை. 2009-இல் கானர் லிஸ்டன், புரூஸ் மெக்கியூவன், பி. ஜே. கேசி ஆகியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரிய தேர்வுக்காக ஒரு மாதம் கடும் நெருக்கடியில் படித்த 20 மருத்துவ மாணவர்களின் நெற்றிப் பகுதித் தொடர்புகள் தளர்ந்திருந்தன. கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறமையும் குறைந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்ந்தபின் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பின. போர்ச்சுகலில் தேர்வெழுதிய மாணவர்களிடமும் இத்தகைய மீட்சியே 2012-இல் காணப்பட்டது.

ஆயினும் அளவுக்கு மீறி நம்பிக்கை கொள்வதும் தவறு. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி முதலியோர் எலிகளில் செய்த ஆராய்ச்சி மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. நீடித்த நெருக்கடியில், நினைவுக்குரிய பகுதியின் நரம்பிழைகள் சுருங்க, அச்சத்துக்குரிய பகுதியின் இழைகள் கிளைத்து வளர்ந்தன என்று 2002-இல் அவர்கள் வெளியிட்டனர். 21 நாட்கள் ஓய்வு தந்த பிறகும் அச்சப் பகுதியின் வளர்ச்சி நீங்கவில்லை என்று 2004-இல் தெரிவித்தனர். ஒருநாள் கவலை ஒருநாளில் தீரலாம். ஆண்டுக்கணக்கான கவலை அத்துணை எளிதில் விடுவதில்லை. அங்கத்தினரை நீண்ட கடன் சுழலில் விடாமல் காப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, முடிவெடுக்கும் காலத்தைப் பற்றியது. அவசரமற்ற விஷயங்களை முடைக் காலத்தில் வைத்துக்கொள்ள வேண்டா. அடுத்த பட்டத்துக்கு எவ்வளவு கடன், எந்தப் பயிர் என்பதைக் கரும்புக் கிரயம் கைக்கு வந்த வாரத்தில் பேசுவோம். நெசவாளரின் சேமிப்பையும் தவணையையும் பற்றிக் கூலிப் பட்டுவாடா முடிந்த மறுநாள் பேசுவோம்.

இரண்டாவது, வைத்தியம் போன்ற அவசரக் கடனைத் தாமதமின்றி வழங்குவோம். ஆனால் தவணையைத் தீர்மானிக்கத் துணைவிதிகள் இடந்தரும் அளவுக்குச் சில நாட்கள் அவகாசம் கொடுப்போம். அதுவரை, இலேசான தவணையே பொருந்தும் என்று வைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, நீண்ட பத்திரத்தோடு மூன்றே வரிகள் கொண்ட சிறு தாள் ஒன்றையும் கொடுப்போம்: வாங்கும் தொகை; மாதப் பிடித்தம்; பிடித்தம் போகக் கையில் மீதி. "விளங்கிற்றா?" என்று கேட்டால் எவரும் தலையசைப்பார். "மாதம் கையில் எவ்வளவு மிஞ்சும், சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

நான்காவது, குடும்பத்தினர் ஒருவரையோ, நம்பிக்கையான சக அங்கத்தினரையோ உடன் அழைத்துவரச் சொல்லுவோம். நமக்கு அன்று உதவியது நமது அறிவன்று. பதற்றமின்றிப் பக்கத்தில் நின்ற இளைஞரின் அறிவே. பாக்கிக்கான நோட்டீசிலும், என்ன நேரும் என்ற பயமுறுத்தலுக்கு முன்பாக, யாரை எந்த நாளில் வந்து பார்க்க வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதுவோம்.

இவற்றைக் கூறுவதால், வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தும் கடமை குறைந்துவிட்டதாக எவரும் கொள்ளலாகாது. தவணை தவறாமையே சங்கத்தின் உயிர்நாடி. தவறுகள் யாவும் நெருக்கடியால் விளைபவையும் அல்ல. ஆனால் நெருக்கடியில் செய்த தவறை ஒருவரது இயல்பு என்று பதிவேட்டில் எழுதிவைப்பது, அந்தத் தவறினும் பெரிய தவறு என்பதே நாம் கற்றது.

அண்மையில் அதே நெசவாளர் சங்கத்துக்கு மறுபடியும் சென்றோம். பெரியவரின் மனைவியார் குணமடைந்து, தறியருகே அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறியைப் பழுது பார்ப்பதற்கான மனு மீண்டும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டது. மூன்று வரித் தாளைப் பெரியவரிடம் கொடுத்தோம். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "இந்தத் தவணை வேண்டாம் ஐயா, தை மாதம் கை இடிக்கும். இன்னும் ஆறு மாதம் கூட்டிப் போடுங்கள்" என்றார். அவர் கூறியதே சரியான கணக்கு.

பழைய குறிப்பை அழிக்கும் அதிகாரம் நமக்கில்லை. பதிவேட்டின் பக்கம் அப்படியேதான் இருக்கும். அதன் கீழ், "மேற்கண்டது ஆய்வாளரின் அவசர அபிப்பிராயம்; அங்கத்தினரின் அப்போதைய குடும்ப நிலைமை கருத்திற் கொள்ளப்படவில்லை" என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு வந்தோம்.